செகண்ட் ஹாஃப் எப்போ மேடம்?

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு அதை அடக்கிக்கொண்டு டீன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் நான் பல வருஷமாக ஸ்பானிஷ் சொல்லித் தருகிறேன். நிரந்தர வேலை இல்லை, வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கிற வேலை. அந்தக் கையெழுத்தைப் போட வேண்டியவர் எதிரில் உட்கார்ந்து, எனக்கு ஒரு வாய் டீகூடச் சொல்லாமல் தான் மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"மேடம், அமீர்பேட்லேர்ந்து ஒரு இன்ஸ்டிட்யூட்காரங்க வந்திருந்தாங்க. உங்க கிளாஸ் ரூமைக் கொடுத்தா ரூம் முழுக்க கம்ப்யூட்டர் போட்டு ஜாவா சொல்லித் தராங்களாம். உங்ககிட்ட இப்போ எத்தனை ஸ்டூடண்ட்ஸ்?" தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து அவர் கேட்டது இதுதான்.

"பத்துப் பதினொரு பேர் இருப்பாங்க சார்."

"போன வருஷ ஃபிலிம் ஃபெஸ்டிவல்ல எத்தனை பேர்?"

அதை ஏன் கேட்கிறீர்கள். போன வருஷம் ஸ்பானிஷ் மொழிப் பட விழா நடத்தினேன். படத்துக்கு ஓரளவு கூட்டம் வந்தது. படம் முடிந்து, "இப்போது கலந்துரையாடல்" என்று நான் மைக்கில் சொன்னதுதான் தாமதம், தீ விபத்து அறிவித்த மாதிரி ஹால் காலியாகிவிட்டது. ஒரே ஒரு பையன் மட்டும் பின் வரிசையில் இருந்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பி அனுப்பியதும் நான்தான்.

டீனுக்கு இதெல்லாம் தெரியும். "படம் பார்க்க ஏசிக்காகக்கூட ஆள் வரும் மேடம். இந்த வருஷம் படம் எடுத்த அம்மாவே வர்றாங்க இல்லையா? படம் முடிஞ்ச பிறகு அவங்களோட பேச ஹால் நிறைய ஆள் உட்காரட்டும், ஸ்பானிஷ் இருக்கட்டும். இல்லேன்னா ஜூன்லேர்ந்து அங்கே ஜாவா" என்றார்.

வெளியே வந்து வராந்தாவில் நின்று, தமிழில், ஸ்பானிஷில், தெலுங்கில் என்று வரிசையாகத் திட்டினேன். மனசு கொஞ்சம் ஆறியது.

வீட்டுக்கு வந்து சொன்னால் ஆறுதல் கிடைக்கும் என்று நினைப்பீர்கள். திருமுல்கேரியில் எங்கள் வீடு. என் கணவர் வெங்கடராமன் ராணுவ ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறார். ராணுவ ரகசியம் காக்கிற பழக்கத்தில் மற்ற விஷயங்களையும் வெளியே விடமாட்டார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "சரி, மூடினா மூடட்டும். ஆத்துல இரு" என்றார்.

"மூடினா மூடட்டுமா? நான் என்ன பெட்டிக்கடையா வெச்சுண்டிருக்கேன்?"

அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். அவர்மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. கல்யாணம், கச்சேரி எங்கே போனாலும் யாராவது, "உங்க மிஸஸ் என்ன சொல்லித் தரா?" என்று கேட்பார்கள். அவர், "ஏதோ ஃபாரின் லாங்வேஜ்" என்பார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து ஸ்பானிஷ் என்ற ஒரு சொல் வந்ததில்லை. பக்கத்தில் நின்று நான் எத்தனை தடவை பல்லைக் கடித்திருப்பேன் தெரியுமா? டெல்லியில் இவருக்கு வேலையாக இருந்தபோது, மாலை வகுப்புக்குக் குளிரில் பஸ் மாறி மாறிப் போய்ப் படித்தேன். அது இவருக்கு ஏதோ.

"விழாவுக்காவது வாங்கோளேன். சனிக்கிழமைதானே" என்றேன்.

"பார்க்கலாம்" என்றார். அவர் பார்க்கலாம் என்றால் வரமாட்டார் என்று அர்த்தம்.

எனக்கு ஆறுதல் சொன்னவள் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா. நாகர்கோவில்காரி, சர்ச்சில் பாட்டுக் குழுவை நடத்துகிறவள். விஷயத்தைச் சொன்னதும் இடுப்பில் கை வைத்தாள். "எதுக்குக்கா கவலப்படுதீங்க? ஆள்தான வேணும்? காலனிக்கு ஒரு பஸ் பிடிச்சு எல்லாத்தையும் அள்ளிக் கொண்டாந்துருவோம்லா" என்றாள். என் மாணவி வர்ஷினி ஹாஸ்டல் ஹாஸ்டலாகப் போஸ்டர் ஒட்டினாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஸ்பானிஷ் தெரிந்தால் மாதாப்பூர் கால் சென்டரில் கூடுதல் சம்பளம் என்று சேர்ந்தவள், பிறகு மொழிமேலேயே பைத்தியமாகிவிட்டாள். போஸ்டரில் 'ஏசி அரங்கம், டீ, சமோசா இலவசம்' என்று பெரிதாகப் போட்டோம். சினிமா சமாசாரம் கடைசி வரியில் இருந்தது.

டீயை எப்போது கொடுப்பது என்பதில்தான் என் சாமர்த்தியம் இருந்தது. படத்துக்கு முன்னால் கொடுத்தால் குடித்துவிட்டு ஓடிவிடுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு என்றால் அதுவரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். படம் முடிந்ததும் டீ, சமோசா, அப்புறம் மணி அடித்துக் கலந்துரையாடல் என்று வைத்தேன். சமோசா தின்ற நன்றிக்காவது கொஞ்சம் பேர் திரும்பி வருவார்கள் என்று என் கணக்கு.

சனிக்கிழமை மத்தியானம் இயக்குநர் வந்து இறங்கினார். மார்த்தா இபார்ரா, உருகுவே நாட்டுக்காரர். கட்டையான உருவம், நரைத்த குட்டை முடி, பாக்கெட் நிறைய மிட்டாய். நாங்கள் போர்த்திய பொன்னாடையைக் கழற்றவே மாட்டேன் என்றுவிட்டார். குத்துவிளக்கில் ஒரு திரி ஏற்றிவிட்டு மெழுகுவத்தியை டீனிடம் கொடுங்கள் என்று நான் சொல்வதற்குள் எல்லாத் திரியையும் அவரே ஏற்றி முடித்துவிட்டார். அடுத்து டீன் அறிவுப் பொருளாதாரம் பற்றிப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார்.

அந்தப் பேச்சுக்கு நடுவில் வர்ஷினி என் காதருகே வந்தாள். "மேம், ஒரு அங்கிள் மார்னிங்லேர்ந்து கேம்பஸ்ல சுத்தறார். கேன்டீன், லைப்ரரி எல்லா இடத்துலயும் உங்களப் பத்தி விசாரிக்கறார்."

"என்னைப் பத்தியா? என்னன்னு?"

"நீங்க எந்த ரூம்ல கிளாஸ் எடுப்பீங்க, என்னெல்லாம் சொல்லித் தருவீங்க, ஸ்டூடண்ட்ஸுக்குப் பிடிக்குமான்னு. என்னையும் கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"ரொம்பத் திட்டுவாங்க, பட் அவங்க கிளாஸ மிஸ் பண்ண மாட்டோம்னு சொன்னேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. டீன் ஆள் வைத்து வேவு பார்க்கிறார். நேருக்கு நேர் மிரட்டினது போதாதென்று, கேன்டீனில் போய் என் மானத்தை வாங்க ஒரு ஆளா? மேடையில் அவர் 'நம்பிக்கையே கல்வியின் அடித்தளம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மைக்கைப் பிடுங்கி அவர் தலையில் போடலாமா என்று நினைத்தேன். பக்கத்தில் மார்த்தா மிட்டாயை நீட்டினார். அதை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டேன்.

படம் தொடங்கியது. ஹால் நிரம்பியிருந்தது. நடுவில் நாலு வரிசை காலனிக்காரர்கள், மற்றதெல்லாம் பிள்ளைகள். படத்துக்கு 'பஸ்ஸுக்கு முன் சூப்' என்று பெயர். ஒரு சின்ன ஊரில் ஒரு கணவன், மனைவி. அவன் டயர் கடை வைத்திருக்கிறான். அவள் சூப் வைக்கிறாள், துணி தேய்க்கிறாள், பிற்பகலில் பஸ் ஏறி எங்கோ போய்விட்டு வருகிறாள். எங்கே போகிறாள் என்று அவனும் கேட்பதில்லை, படமும் சொல்வதில்லை. ஒன்றே கால் மணி நேரம் இதுதான். கடைசியில் ஒருநாள் சூப்பை அடுப்பில் வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, பெட்டியோடு பஸ் ஏறுகிறாள். பஸ் போகிறது. வெறும் சாலை. திரை இருண்டுவிடுகிறது. பெயர்களை எல்லாம் மார்த்தா முதலிலேயே போட்டுவிட்டதால் கடைசியில் ஓர் எழுத்துகூட இல்லை.

புரொஜெக்டர் அறை ஜன்னலிலிருந்து யூசுப் தலையை நீட்டினார். பல வருஷமாக இந்த ஹாலுக்கு அவர்தான் ஆபரேட்டர். "மேடம், தூஸ்ரா டிஸ்க் நை ஹை க்யா?" என்றார்.

"இன்னொரு டிஸ்க் எல்லாம் கிடையாது யூசுப் பாய், லைட்டைப் போடுங்கோ" என்றேன். அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். எனக்கு இருந்த பதற்றத்தில் எதுவும் ஏறவில்லை.

விளக்கு எரிந்தது. கதவைத் திறந்துவிட்டார்கள். கூட்டம் மொத்தமும் சமோசா வாசனையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனது. நான் மேடையில் இரண்டு நாற்காலியைப் போட்டு, மார்த்தாவை உட்கார வைத்து, வாசல் பக்கம் பார்க்கப் பயந்துகொண்டு முதுகைக் காட்டி நின்றேன். முன் வரிசையில் டீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வர்ஷினி மணி அடித்தாள்.

திரும்பிப் பார்த்தால், எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் பாக்கி இல்லாமல். பாதிச் சமோசாவை வாயில் அடைத்துக்கொண்டு பையன்கள் ஓடி வந்தார்கள். சீட்டில் கைக்குட்டை போட்டுவிட்டுப் போயிருந்த மாமிகள் அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கழிவறைக்குப் போனவர்கள்கூட அவசரமாகத் திரும்பினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலந்துரையாடலுக்கு இவ்வளவு ஆசையா இந்த ஊருக்கு? டீன் முகத்தைப் பார்த்தேன், வாய் பிளந்திருந்தது. அந்த நிமிஷம் எனக்கு உலகமே பிடித்திருந்தது.

மைக்கை எடுத்து, "இயக்குநரிடம் நீங்கள் கேள்விகள் கேட்கலாம்" என்றேன்.

என் கணவரோடு வேலை பார்க்கும் சௌந்தரராஜன் எழுந்தார். "மேடம், டிஸ்கஷன கடைசில வெச்சுக்கலாமே. செகண்ட் ஹாஃப் எப்போ மேடம்?"

ஹால் முழுக்கக் கை தட்டியது.

யூசுப் ஏன் இன்னொரு டிஸ்க் கேட்டார் என்று அப்போதுதான் உறைத்தது. இவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. நம் ஊரில் எந்தப் படம் ஒன்றே கால் மணி நேரத்தில் முடிந்திருக்கிறது? கதாநாயகி பெட்டியோடு பஸ் ஏறுகிறாள், திரை இருளுகிறது, விளக்கு எரிகிறது, டீயும் சமோசாவும் வருகிறது. இடைவேளை என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்கள்? டீயை அங்கே கொண்டுவந்து வைத்த புத்திசாலி நான்தானே.

"படம் முடிஞ்சுடுத்து. அவ்வளவுதான் படம்" என்றேன்.

அப்போது எழுந்ததே ஒரு சத்தம். "அவ எங்க போனான்னே சொல்லலையே" என்றார் ஒரு மாமி. "அடுப்புல சூப் என்னாச்சு?" என்றார் இன்னொருவர். "கைக்கு மேடம், ஏன் இப்படி ஹாஃப் பிக்சர் காட்டி ஏமாத்தறீங்க?" என்றான் ஒரு பையன். பின் வரிசைகளில் பைகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். டீன் பேனாவை மூடிப் பாக்கெட்டில் செருகினார். ஜூன் மாசம் என் கரும்பலகையில் ஜாவா எழுதியிருப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

மார்த்தா என் கையைத் தொட்டார். "என்ன கேட்கிறார்கள்?" என்றார் ஸ்பானிஷில்.

"படத்தின் நீளம் பற்றிச் சில கருத்துகள்" என்றேன்.

"எனக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். செகண்ட் ஹாஃப் என்றார் அந்த மனிதர். உண்மையைச் சொல்லுங்கள்."

சொன்னேன். இடைவேளை, சமோசா, மூன்று மணி நேரப் படம், எல்லாவற்றையும். மார்த்தா பொன்னாடையில் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நிறுத்த முடியாமல் சிரித்தார். பிறகு எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டு பேசினார், நான் ஒவ்வொரு வாக்கியமாக மொழிபெயர்த்தேன்.

"எங்கள் பக்கத்தில் படம் முடிந்ததும் எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று இதுவரை ஒரு ஜீவன் என்னிடம் கேட்டதில்லை. நீங்கள் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். என்னிடம் இரண்டாம் பாதி இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், கேட்டுவிட்டுத்தான் ஊருக்குப் போவேன்."

எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கதை சொல்லச் சொன்னால் நம் ஆட்களுக்குக் கேட்கவா வேண்டும்? மைக்குக்குச் சண்டை. அமீர்பேட்டில் கோர்ஸ் படிக்கும் பையன், அவள் நகரத்துக்குப் போய் கம்ப்யூட்டர் கற்று அமெரிக்கா போகிறாள் என்றான், விசில் பறந்தது. ஸ்டெல்லா எழுந்து, "அதெல்லாம் இல்லக்கா. அடுப்ப அணைக்காம எந்தப் பொம்பளையும் ஊர் தாண்ட மாட்டா. அடுத்த ஸ்டாப்புல எறங்கி வந்து அணைச்சுட்டு, மறுபடி போவா" என்றாள். மார்த்தா இதற்குக் கை தட்டினார். யூசுப் ஜன்னலிலிருந்தே கத்தினார், அந்தக் கணவன் திருந்துகிற வரைக்கும் அவள் வர நக்கோ, வரவே வேண்டாம் என்று. டீன் திரும்பித் திரும்பி ஹாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாற்காலிகூடக் காலியாகவில்லை.

மைக் கை மாறி மாறிக் கடைசி வரிசைக்குப் போனது. அங்கே ஒருவர் எழுந்து நின்றார். வர்ஷினி என் புடவையை இழுத்தாள். "மேம், அந்த அங்கிள். உங்களப் பத்தி விசாரிச்சவர்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். வெங்கடராமன் நின்றுகொண்டிருந்தார். என் வெங்கடராமன்.

காலனி பஸ்ஸில் அவர் வரவில்லை என்று ஸ்டெல்லா சொல்லியிருந்தாள். காலையில் ஆபீஸ் வேலை என்று கிளம்பிய மனிதர் டவுன் பஸ் பிடித்து நேரே இங்கேதான் வந்திருக்கிறார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தமிழில் ஆரம்பித்தார்.

"அவளைப் பத்தி எல்லாரும் சொல்லிட்டேள். நான் அவனைப் பத்திச் சொல்றேன். அவன் சாயங்காலம் ஆத்துக்கு வருவான். சூப் தீய்ஞ்சிருக்கும். அவ எந்த பஸ்ல போனான்னு தெரியாது."

நான் அதை ஸ்பானிஷில் சொன்னேன். குரல் சரியாகத்தான் இருந்தது.

"தேடலாம்னு கிளம்புவான். ஆனா எங்க தேடறது? தினம் மத்தியானம் அவ எங்க போறா, என்ன பண்றான்னு அவன் கேட்டதே இல்லை. அதனால பஸ் ஸ்டாண்டுல, கடைல, பார்க்கறவா எல்லாரையும் விசாரிப்பான். செகண்ட் ஹாஃப் முழுக்க அதான். தன் பொண்டாட்டியைப் பத்தி ஊர்ல மத்தவா சொல்லித் தெரிஞ்சுக்கறான். அவளுக்கு அங்க எவ்வளவு மரியாதைன்னு அவனுக்கு அன்னிக்குத்தான் தெரியறது."

நான் வாயைத் திறந்தேன். ஸ்பானிஷ் வரவில்லை. தமிழும் வரவில்லை. மார்த்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அப்போது பக்கத்திலிருந்து வர்ஷினி தானே பேச ஆரம்பித்தாள். அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் ஸ்பானிஷில் சொன்னாள். அழகாகச் சொன்னாள், கால் சென்டர் பேச்சு இல்லை, நான் சொல்லிக் கொடுத்த பேச்சு. ஒரே இடத்தில் தப்பு விட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே திருத்தினேன், பழக்க தோஷம்.

"கண்டுபிடிச்சானா?" என்று மார்த்தா கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"கண்டுபிடிப்பான்" என்றார் அவர். "திருப்பிக் கூட்டிண்டு வரமாட்டான். அவ போற பஸ்லயே ஏறிக் கடைசி சீட்டுல உக்காந்துப்பான். அவ்வளவுதான்." மைக்கைப் பக்கத்துப் பையனிடம் கொடுத்துவிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

இதையும் வர்ஷினி சொல்லி முடித்ததும் மார்த்தா என் பக்கம் சாய்ந்தார். "யார் அவர்?"

"என் கணவர்."

"வீட்டிலும் இப்படித்தான் பேசுவாரா?"

"இந்த வருஷத்துக்கான பேச்சு இதோடு முடிந்தது" என்றேன். அவர் மறுபடியும் பொன்னாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்து டீன் மேடைக்கு வந்தார். "மேடம், ஜாவாவுக்கு வேற ரூம் பார்த்துக்கறோம். ஆனா அடுத்த வருஷமும் இதே மாதிரி பாதிப் படமா வாங்கிட்டு வாங்க" என்றார். வேவு பார்க்க ஆள் வைத்தார் என்று மத்தியானத்திலிருந்து மனசுக்குள் திட்டினதற்காக அவரிடம் ஒரு மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். எனக்கு அன்றைக்கு டீ கொடுக்காதது ஞாபகம் வந்தது, விட்டுவிட்டேன்.

விருந்தாளியோடு போக எனக்குப் பல்கலைக்கழகக் கார் நின்றது. மார்த்தாவை அதில் ஏற்றி வர்ஷினியைத் துணைக்கு அனுப்பிவிட்டு நான் காலனி பஸ்ஸில் ஏறினேன். என் கணவர் கடைசி சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"காலம்பர சாப்பிட்டேளா?" என்றேன்.

"உங்க கேன்டீன்ல இட்லி நன்னா இல்லை" என்றார்.

பஸ் தார்நாகா தாண்டியதும் முன் சீட்டிலிருந்து சௌந்தரராஜன் திரும்பினார். "என்ன சார், மேடம் மேடைல பொளந்து கட்டிட்டாங்க. ஏதோ ஃபாரின் லாங்வேஜ்னு சொல்லிட்டிருப்பீங்களே, இதுதானா?"

"ஏதோ இல்லை சௌந்தரராஜன்" என்றார் என் கணவர். "ஸ்பானிஷ்."

நான் அவரைத் தாண்டிக் குனிந்து ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்கிற மாதிரி பார்த்தேன். வெளியே ஒன்றும் இல்லை, ஒரு டயர் கடை மட்டும் திறந்திருந்தது.